நாள் குறிக்காத இடைக்காலம்

கோவையில் பீளமேடும் சிங்காநல்லூரும் சூழ்ந்த ஆலைத்தெருக்களில் 'லே-ஆப்' என்னும் சொல்லை அறியாத வீடு அரிது. பள்ளி வாயிலை மிதித்தறியாத மூதாட்டியும் "ஆலையில லே-ஆப் உட்டுட்டாங்க" என்று அயல்வீட்டாரிடம் சொல்வாள். அச் சொல் எம்மொழிச் சொல் என்பதை அவள் ஆராய்ந்ததில்லை. ஆனால் அதன் பொருளை நன்கறிவாள். வரும் மாதம் அரைக்கூலி; அதற்கடுத்த மாதம் என்ன ஆகுமென்று எவருக்கும் தெரியாது. சட்டப் பொத்தகம் அரைப் பக்கத்தில் விரித்துரைக்கும் பொருளினும் இது செப்பமானது.

தமிழ்ச் செய்தித்தாள்கள் இதற்கு வழங்கும் பெயர் 'தற்காலிகப் பணிநீக்கம்' என்பது. வடசொல்லும் தென்சொல்லும் புணர்ந்த அப் பெயரில் அதனினும் பெரிய பிழைகள் இரண்டு உள. முதலாவது, இதில் நீக்கமே இல்லை. தொழிலாளியின் பெயர் ஆலையின் பெயர்ப் பதிவேட்டில் நிற்கின்றது. அவன் அவ் வாலையின் ஆளே. இரண்டாவது, கையூட்டு வாங்கிப் பிடிபட்ட அலுவலரை உசாவல் முடியுங்காறும் விலக்கி வைப்பதற்கும் இதே பெயரைத்தான் எழுதுகின்றனர். குற்றஞ்சாட்டப் பெற்றவனுக்கும், பஞ்சு வரவில்லை என்று வீட்டுக்கு அனுப்பப் பெற்றவனுக்கும் ஒரே பெயர்! மகளுக்கு மணம்பேச வந்தவர்கள் செய்தித்தாளைப் படித்துவிட்டு, "அப்பா என்ன தவறு செய்தார்?" என்று உசாவினால், அதற்கு விடை சொல்ல வேண்டியவர் அத் தொழிலாளியல்லர், அச் சொல்லைப் படைத்தவரே.

வேலைநிறுத்தம் தொழிலாளர் செய்வது. கதவடைப்புப் பிணக்கின்போது முதலாளி செய்வது. ஆட்குறைப்பு என்பது கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவது. ஆளைப் பதிவேட்டில் வைத்துக்கொண்டே வேலையை மட்டும் நிறுத்தி வைப்பது இம் மூன்றினும் வேறானது. இதனை 'இடைமுடக்கம்' என்னலாம். வேலை முடங்கியது, இடையே முடங்கியது என்னும் இரண்டும் அதில் அடங்கும். ஆற்றின் இடை என்றால் இரு மருங்கும் கரை இருத்தல் வேண்டும். ஒரு கரை மட்டும் உடையதை இடை என்று எவரும் சொல்லார். இன்று நிகழும் இடைமுடக்கங்கள் பலவற்றில் முன்கரை உண்டு. வேலை நின்ற நாள் எல்லார்க்கும் தெரியும். வேலை தொடங்கும் நாளாகிய பின்கரையைத்தான் காணோம். தொழிலாளி எத்துணைக் காலம் வேலையின்றி இருக்கின்றான் என்னும் வினாவுக்கு விடை பெரிதும் இதனைப் பொறுத்தே அமைகின்றது.

இதற்குரிய சட்டம் நெசவாலைகளை முன்னிட்டே பிறந்தது. 1953இல் ஆலைகளில் சரக்குத் தேங்கி, வேலைமுறைகள் குறைக்கப்பட்டுத் தொழிலாளர் வீட்டில் முடங்கினர். அவ் வாண்டு அக்தோபரில் விரைவுச் சட்டமொன்று வந்தது. ஆண்டு முடிவதற்குள் நாடாளுமன்றம் அதனை நிலைச் சட்டமாக்கி, 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் ஒரு தனி இயலாகச் சேர்த்தது. நிலக்கரியோ மின்னாற்றலோ மூலப்பொருளோ கிட்டாமை, சரக்குத் தேக்கம், பொறிப் பழுது முதலிய கரணியங்களால் வேலை கொடுக்கப்படாத நிலையே இடைமுடக்கம் என்று அது வரையறுத்தது. குறித்த நேரத்தில் வந்து நின்றவனுக்கு இரண்டு மணி நேரத்துள் வேலை தரப்படவில்லையாயின் அன்று அவன் இடைமுடக்கத்துக்கு ஆளானவன். ஐம்பது பேருக்குக் குறையாத தொழிற்சாலையில் ஓராண்டு தொடர்ந்து உழைத்தவனாயின் அவனுக்கு அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையிற் பாதி கிடைக்கும். வேறொருவனுக்கு மாற்றாக நிற்கும் பதிலியாளுக்கு அதுவும் இல்லை, நாட்கூலியாளுக்கும் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் பழைய சட்டத்தை அகற்றிவிட்டது. எனினும் அரையூதியம், இரண்டு மணி நேரம் ஆகியன பழைய வீட்டிலிருந்து புதிய வீட்டுக்குப் பெயர்ந்து வந்த தட்டுமுட்டுகள் போல் மாறாமல் வந்து சேர்ந்துள்ளன.

வந்து சேர்ந்தவற்றுள் நாற்பத்தைந்து நாள் என்பதும் ஒன்று. இதனைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் நாற்பத்தைந்து நாளுக்கு மேல் இடைமுடக்கம் நீடித்தால், அதன்பின் இழப்பீடு இல்லை என்று இருவரும் உடன்பாடு செய்துகொள்ளலாம். செய்துகொண்டால் முதலாளி கொடுக்க வேண்டுவதில்லை. அன்றியும், நாற்பத்தைந்து நாள் கடந்தபின் அவர் விரும்பினால் ஆட்குறைப்புச் செய்துவிடலாம். அவ்வாறு செய்யுங்கால், முந்திய பன்னிரண்டு மாதத்தில் கொடுத்த அரையூதியத்தை ஆட்குறைப்பு இழப்பீட்டிலிருந்து கழித்துக்கொள்ளவும் செய்யலாம். தொழிலாளி உண்டு செரித்த அரைக்கஞ்சியும் பிறகு அவன் கணக்கில் பற்றாக எழுதப்படுகின்றது! ஆக, சட்டம் ஒரு கரை கட்டியது மெய்தான். அக் கரை முதலாளியின் செலவுக்குக் கட்டியது. தொழிலாளியின் காத்திருப்புக்கு அது கரை கட்டவில்லை. 'நாற்பத்தைந்தாம் நாள் வேலை கொடு, இல்லையேல் கணக்கைத் தீர்' என்று முதலாளியை நோக்கி அது எங்கும் சொல்லவில்லை.

'வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதானே, எதற்காக ஆலை வாயிலையே பார்த்துக்கொண்டிருக்கின்றான்?' என்று கேட்போர் உளர். வெயிற்படாமல் மாத ஊதியம் வாங்குவோரே பெரும்பாலும் இதனைக் கேட்கின்றனர். அவர் இரண்டு செய்திகளை அறிதல் வேண்டும்.

ஒன்று, காத்திருத்தலைச் சட்டமே கட்டாயமாக்கியுள்ளது. நாளொன்றுக்கு ஒருமுறையேனும் வேலைநேரத்தில் ஆலையில் வந்து தலைகாட்டாதவனுக்கு அரையூதியம் இல்லை. சிங்காநல்லூர் ஆலையில் பெயர் உள்ளவன் நாடோறும் அங்கே வந்து நின்றாக வேண்டுமாயின், பல்லடத்துக்கோ உடுமலைக்கோ சென்று பத்து நாள் வேலை பார்த்துத் திரும்ப முடியுமா? அரையூதியம் என்பது சும்மா இருப்பதற்குத் தரும் கொடையன்று. வாயிலில் வந்து நிற்கும் வேலைக்குத் தரும் கூலி என்பதே உண்மை.

மற்றொன்று கணக்கு. இருபத்தைந்து ஆண்டு உழைத்த ஒருவனை முறைப்படி ஆட்குறைப்புச் செய்தால், ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் வீதம் 375 நாள் ஊதியம் இழப்பீடாகத் தரவேண்டும். பணிக்கொடை இதற்குப் புறம்பானது. அவனே எழுதிக்கொடுத்துவிட்டு விலகினால் பணிக்கொடை மட்டும் கிடைக்கும்; 375 நாள் ஊதியம் போய்விடும். அவன் வாழ்நாளில் ஒருமுறையேனும் மொத்தமாகக் காணக்கூடிய தொகை அது ஒன்றே. ஆலை அவனை அழைக்கவும் இல்லை, நீக்கவும் இல்லை. அழைத்தால் ஊதியம் உண்டு. நீக்கினால் இழப்பீடு உண்டு. இரண்டும் நிகழாத இடைவெளியில் அவனே முந்திக்கொண்டு விலகினால் இழப்பு முழுவதும் அவனுக்கே. எனவே காத்திருக்கின்றான். இது மடியன்று, பள்ளிப்பிள்ளையும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. முதலாளிக்கும் இக் கணக்குத் தெரியும். முப்பது பேர் மனம் வெறுத்துத் தாமாக விலகினால் முப்பது பேரின் இழப்பீடு மீதமாகின்றது. நாள் குறிக்காமல் விடுவதில் முதலாளிக்குக் கிடைக்கும் ஊதியம் இது.

மூன்றாவதாக ஒன்றும் சொல்லலாம். ஐம்பதைத் தொட்ட சைடரை (நூற்புப்பொறியின் மருங்கில் நின்று இழை பிணைக்கும் ஆளை ஆலைமக்கள் அவ்வாறே அழைப்பர்) புதிய ஆலை எதுவும் எடுத்துக்கொள்வதில்லை. இளம் பெண்களையும் வடபுலத்து இளைஞரையும் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்குவதே அங்குப் பெருவழக்கு. அவன் கைத்திறன் பழைய ஆலையில்தான் திறன். வெளியே அது முதுமை.

இனி, இடைமுடக்கம் எல்லாமே நெடிதாகும் என்பதில்லை. 2012இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்தபோது ஆலைகள் பல வேலைமுறைகளை நிறுத்தின. மின்னாற்றல் வந்தபோது மீண்டும் அழைத்தன. இழப்பு இருந்தது, ஆனால் எதற்காக நின்றது, எது வந்தால் தொடங்கும் என்பதை வாயிற்காவலரும் அறிவர். கரணியம் கண்ணுக்குத் தெரிந்தால் காத்திருப்புக்கும் ஓர் அளவு இருக்கும்.

இதனை அமெரிக்கப் பொருளியலார் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். அங்கே வேலையிழந்தோரிற் பலர் பழைய முதலாளியிடமே திரும்பிச் செல்கின்றனர் என்பதை 1975இல் மார்ட்டின் பெல்டுசிடைன் எடுத்துக்காட்டினார். வேலையில்லாதோர்க்குக் காப்பீட்டுத் தொகை கொடுக்கும் முறையில், அத் தொகையின் சுமை முழுவதும் அவ்வம் முதலாளியின் தலையில் விழாமையால், அவர் எளிதில் ஆட்களை வீட்டுக்கு அனுப்புகின்றார் என்பதும் அவர் கருத்து. தொழிலாளர்க்குக் கொடுக்கும் தொகையைக் குறைப்பதற்கே பலர் அவர் கருத்தை எடுத்தாண்டனர். முதலாளியின் சுமையைக் கூட்டுவதற்கும் அதே கருத்து உதவும் என்பதைச் சொன்னவர் சிலரே.

பின்னர் 1990இல் இலாரன்சு காட்சு, புரூசு மேயர் என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் நெருங்கி நோக்கியது. மிசௌரி, பென்சில்வேனியா ஆகிய இரு மாநிலங்களில் 1979 முதல் 1981 வரை காப்பீடு பெற்றோரை அவர்கள் எடுத்துக்கொண்டனர். வேலையின்மை முடிவதற்கு இரண்டு வாயில்கள் உள: பழைய இடத்திலிருந்து மீளழைப்பு வருதல், புது வேலை கிடைத்தல். இவ் விரண்டும் கால ஓட்டத்தில் ஒன்றுபோல் நடப்பதில்லை. இரண்டையும் ஒன்றாகக் கலந்து எண்ணினால் உண்மை மறைந்துவிடும் என்பது அவர்கள் கண்டது. பெரும்பாலோர் மீண்டும் அழைக்கப்படுவோம் என்றே நம்பினர். அழைக்கப்பெற்றோர் விரைவில் வேலைக்குத் திரும்பினர். நம்பியிருந்தும் அழைப்பு வரப்பெறாதோரே மிக நெடுங்காலம் வேலையின்றிக் கிடந்தனர். நம்பிக்கை தொடக்கத்தில் அவர்களைத் தேடவிடவில்லை. தேடத் தொடங்கியபோது கைப்பொருளும் கரைந்திருந்தது, காலமும் கடந்திருந்தது.

மீளழைப்பு நம்பிக்கை பொய்த்தல் என்பது ஒரு கேடு மட்டுமன்று. அது காலத்தைத் தின்னும் கேடு. அடியோடு நீக்கப்பட்டவன் மறுநாளே அடுத்த வழியை நாடுகின்றான். நம்பிக்கை கொடுக்கப்பெற்றவன் அந் நம்பிக்கையின் விலையை நாட்களாகச் செலுத்துகின்றான்.

இதன் பேருருவை 2020இல் உலகம் கண்டது. கொரோனாத் தொற்றின்போது, ஏப்பிரல் மாதக் கணக்கில் அமெரிக்காவில் 2 கோடியே 30 இலக்கம் பேர் வேலையிழந்திருந்தனர். அவர்களுள் 1 கோடியே 80 இலக்கம் பேர் இடைமுடக்கத்தினர். அவர்களிற் பெரும்பாலோர் சில மாதங்களில் வேலைக்குத் திரும்பினர். 2021 பிப்பிரவரியில் இடைமுடக்கத்தினர் 22 இலக்கமாகச் சுருங்கினர். ஆனால் அதே காலத்தில், வேலையை நிலையாக இழந்தோர் தொகை 20 இலக்கத்திலிருந்து 35 இலக்கமாக ஏறியது. ஆறு மாதத்துக்கு மேல் வேலையின்றி இருந்தோர் 40 இலக்கத்தைக் கடந்தனர். 'சிறிது காலம்தான்' என்று கூறிய நாவே, அவர்களுள் ஒரு பகுதியினர்க்கு 'இனி இல்லை' என்று பின்னர்க் கூறியது.

ஆயினும் அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஒரு செம்மை உண்டு. திரும்பும் நாள் குறித்துத் தரப்பட்டிருத்தல் வேண்டும். அல்லது ஆறு மாதத்துள் அழைக்கப்படுவோம் என்னும் எதிர்பார்ப்பு இருத்தல் வேண்டும். இருந்தால்தான் அவனை இடைமுடக்கத்தினன் என்று எழுதுவர். வேலையில்லாதோர் பட்டியலிலும் சேர்ப்பர். இந்தியத் தொழிலாளர் கணக்கெடுப்பிலோ, மாத ஊதிய வேலையில் பெயர் இருந்து, வேறு கரணியத்தால் அக் கிழமை வேலை செய்யாதிருந்தவன் வேலையுள்ளோர் பட்டியலிலேயே எண்ணப்படுகின்றான். வாயிலில் வந்து நின்றுவிட்டு வீடு திரும்பும் ஆலைத்தொழிலாளி தில்லியின் ஏட்டில் வேலைக்காரன். மளிகைக்கடை ஏட்டில் கடன்காரன். எந்த ஏடு உண்மை பேசுகின்றது என்பதைக் கடைக்காரரிடமே உசாவி அறியலாம்.

கோவைச் செய்திக்கு மீள்வோம். கோவை நகரின் ஆலைத்தொழில் 1888இல் தொடங்கியது. சிடேன்சு ஆலை என்று மக்கள் அழைக்கும் கோவை நூற்பு நெசவாலை அவ் வாண்டில் எழுந்தது. பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்னாற்றல் 1930களில் வந்துசேர, ஆலைகள் பெருகின. பின்னர் நாடெங்கும் ஆலைகள் பல நலிவுற்றன. நலிந்தவற்றை எடுத்து நடத்த 1968இல் தேசியப் பஞ்சாலைக் கழகத்தை நடுவணரசு அமைத்தது. 1974இல் 103 ஆலைகள் சட்டத்தால் நாட்டுடைமையாயின. முதலாளி கைவிட்டாலும் அரசு கைவிடாது என்பது அன்று தொழிலாளர் கொண்ட உறுதி. 'என்.டி.சி. ஆலையில் வேலை' என்றால் பெண் கொடுக்கத் தயங்காத காலமும் ஒன்று இருந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அக் கழகத்தின்கீழ் நாடுமுழுதும் 23 ஆலைகள் எஞ்சியிருந்தன. அவற்றுள் ஏழு தமிழ்நாட்டில். கோவையில் பங்கசா, கம்போடியா, முருகன், அரங்கவிலாசு, பழைய சிடேன்சு ஆலை என ஐந்து. காளையார்கோவிலில் காளீசுவரர் ஆலையின் ஒரு பகுதி. பரமக்குடியை அடுத்த கமுதக்குடியில் பயனியர் ஆலை. ஊரடங்கால் எல்லா ஆலைகளும் நின்றன. அதிற் குறைசொல்ல ஒன்றுமில்லை. அம் மாதம் 29ஆம் நாள், மூடிக்கிடக்கும் காலத்துக்கும் பிடித்தமின்றி ஊதியம் கொடுக்குமாறு எல்லா முதலாளியர்க்கும் நடுவண் உள்துறை ஆணையிட்டது. மே 18 முதல் அவ் வாணை இல்லாதொழிந்தது. தனியார் ஆலைகள் ஒவ்வொன்றாகத் தொடங்கின. ஊரடங்கு தளர்ந்தது; முடிந்தது; மக்கள் அதனை மறக்கவும் தொடங்கினர். அரசுக் கழகத்தின் ஆலைகள் மட்டும் முறையாக இயங்கவில்லை. தொழிலாளர்க்கு அரையூதியம், அதுவும் உரிய நாளில் வரவில்லை என்று தொழிற்சங்கங்கள் கட்சி வேறுபாடின்றிக் கோவையில் மீண்டும் மீண்டும் போராடின. 2024ஆம் ஆண்டு முடிந்தபோதும் ஆலைகள் திறக்கப்படவில்லை.

நாற்பத்தைந்து நாளைக்கு வகுத்த அரைக்கூலி முறை நான்கு ஆண்டைத் தாண்டியது. 2020இல் 54 அகவையினனாக இருந்த ஒரு தொழிலாளி, 58இல் ஓய்வு என்றால், 2024இல் ஓய்வு பெற்றிருப்பான். இடையில் ஒருநாளும் தன் ஆலையின் சங்கொலியைக் கேளாமலே. அவன் வேலையிழந்தவனா? இல்லை, பதிவேட்டில் பெயர் இருந்தது. வேலையில் இருந்தவனா? அதுவும் இல்லை. அவன் வாழ்வின் கடைசி உழைப்பாண்டுகளுக்கு எந்த ஏட்டிலும் பெயரில்லை.

இங்கே முதலாளி ஓர் அரசு என்பதை மறத்தல் கூடாது. சட்டம் இயற்றுவதும் அதுவே. சட்டப்படி நடக்கின்றனரா என்று பிறரைக் கண்காணிப்பதும் அதுவே. ஆலை நடத்துவதும் அதுவே. தனியார் முதலாளியிடம் பஞ்சு விலையைக் காட்டி மன்றாடலாம். தொழிலாளர் ஆணையரிடம் முறையிடலாம். முடிவு செய்யும் இடம் தில்லியாகவும் காத்திருக்கும் இடம் சிங்காநல்லூராகவும் இருந்தால், 'இன்றோ நாளையோ' என்னும் பேச்சுக்கு யாரைப் பிடித்துக் கேட்பது? மும்பையில் இக் கழகத்துக்குரிய ஆலைநிலங்கள் 2005இல் பெருந்தொகைக்கு விற்கப்பட்டதைக் கோவைத் தொழிலாளர் அறிவர். தம் ஆலைகளும் நகரின் நடுவே, மனைவிலை ஏறிய இடங்களில் கிடப்பதை அவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். அவர்கள் ஐயுறுவதைப் பிழையென்று எவரும் சொல்ல முடியாது.

புதிய தொகுப்புச் சட்டம் இந் நிலையைத் திருத்துமா என்றால், திருத்தும் அறிகுறி குறைவு. பழைய சட்டத்தில், நூறு பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தொழிற்சாலை இடைமுடக்கஞ் செய்ய (மின்வெட்டு, இயற்கைப் பேரிடர் போன்றவை நீங்கலாக) அரசின் முன்னிசைவு பெறுதல் வேண்டும். புதிய சட்டம் அவ் வெல்லையை முந்நூறாக உயர்த்திவிட்டது. ஆட்குறைப்புக்கு ஆளானவர்க்குப் புதுத்திறன் பயிலப் பதினைந்து நாள் ஊதியம் தரும் வைப்பு ஒன்றையும் அது ஏற்படுத்தியுள்ளது. நன்று. ஆனால் அது நீக்கப்பட்டவர்க்கு மட்டுமே. நான்கு ஆண்டு காத்திருப்பவன் நீக்கப்பட்டவனல்லன் ஆகலின் அவனுக்கு அதுவும் எட்டாது.

செருமனியில் வேறொரு முறை உண்டு. வேலை குறைந்தால் சிலரை வீட்டுக்கு அனுப்பாமல், எல்லாருடைய வேலைநேரத்தையும் குறைத்து, குறைந்த நேரத்துக்குரிய நிகர ஊதியத்தில் 60 விழுக்காட்டை, பிள்ளையுடையார்க்கு 67 விழுக்காட்டை, காப்பீட்டிலிருந்து கொடுக்கின்றனர். அதன் வித்து 1910இலேயே ஊன்றப்பட்டது. 2020 ஏப்பிரலில் ஏறத்தாழ 60 இலக்கம் பேர் அம் முறையில் இருந்தனர். அதற்கு வழக்கமான எல்லை பன்னிரண்டு மாதம். நெருக்கடியில் நீட்டினாலும் வேறோர் எல்லையைக் குறித்தே நீட்டுவர். நீட்டுவது குற்றமில்லை, எத்துணை என்று சொல்லாமல் நீட்டுவதே குற்றம்.

முதலாளியர் கூறும் மறுப்பு ஒன்று உண்டு. அதனையும் கருதுதல் முறை. 'நூல்விலை எப்போது ஏறும், பஞ்சுவிலை எப்போது இறங்கும் என்பதை யாரும் அறியார். எந்த நாளைக் குறிப்பது? கட்டாயப்படுத்தினால் இடைமுடக்கத்தை விட்டுவிட்டு ஆட்குறைப்பையே செய்வோம்' என்பர். முதற் பகுதி மெய். நாள் தவறலாம். தவறினால் கரணியத்தை எழுதி மறுநாள் ஒன்றைக் குறிக்கட்டும். மழை பொய்த்தால் உழவனும் விதைப்பு நாளை மாற்றித்தான் வைக்கின்றான். இரண்டாம் பகுதி அச்சுறுத்தல். ஆட்குறைப்பே செய்தால், மேலே கூறிய 375 நாள் ஊதியம் தொழிலாளி கைக்கு வரும். அவனும் தன் வழியை நாற்பத்தாறாம் நாளே தேடத் தொடங்குவான். அழைக்கும் எண்ணம் உண்மையில் உடைய முதலாளி நாள் குறிக்க அஞ்சமாட்டார். அவ் வெண்ணம் இல்லாதவரை வெளிப்படுத்துவதே நாள் குறித்தலின் பயன்.

எனவே தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டியவை சில. முதல் நாற்பத்தைந்து நாளுக்கு அரையூதியம் என்றால், அதன்பின் அது முக்காலாகவும், ஆறு மாதம் கடந்தால் முழுமையாகவும் ஏறுதல் வேண்டும். இப்போதுள்ள முறையில் காலம் நீள நீளத் தொழிலாளிக்குச் சுமை ஏறுகின்றது, முதலாளிக்கு இறங்குகின்றது. அதனைத் திருப்பி வைத்தாலன்றி அழைப்பு விரையாது. நாடோறும் வாயிலில் வந்து நிற்கும் கட்டாயம் ஒழிதல் வேண்டும். காத்திருப்பவன் பிறவிடத்தில் வேலை பார்க்கவும், மீளழைப்பு வந்தால் குறித்த நாளுக்குள் திரும்பவும் உரிமை வேண்டும். ஆறு மாதத்தில் அழைப்பு வரவில்லையாயின், ஆட்குறைப்புக்குரிய முழு இழப்பீட்டையும் பெற்றுக்கொண்டு விலகும் உரிமை தொழிலாளியின் கையில் இருத்தல் வேண்டும். முதலாளியின் கையில் அன்று. கொடுத்த அரையூதியத்தை அதிற் கழித்தல் கூடாது. பதிலியாக நின்று பல்லாண்டு உழைத்தவரையும் இவ் வுரிமையிற் சேர்த்தல் வேண்டும்.

இவற்றுக்குச் சட்டத்திருத்தம் வேண்டும். அதற்குக் காலம் ஆகலாம். சட்டம் திருந்துமுன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நிலையாணைகளைத் தொழிலாளருட் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் எழுதி ஆலையில் ஒட்டுதல் வேண்டும் என்பது 1946ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்த விதி. இடைமுடக்க அறிவிப்புக்கும் அதனையே கேட்கலாம். ஆலை வாயிலில் ஒட்டப்படும் தாள் தமிழில் இருத்தல் வேண்டும். வேலை ஏன் நின்றது, எந்த நாளிலிருந்து நின்றது, எந்த நாளில் தொடங்கும், அதுகாறும் எத்துணை ஊதியம், எந்தத் தேதியில் தரப்படும் என்னும் ஐந்தும் அதில் இருத்தல் வேண்டும். மூன்றாம் வரி வெறுமையாக விடப்பட்டிருந்தால், அத் தாளைப் பெற்றுக்கொண்டதாகச் சங்கத்தார் கையெழுத்திடுதல் கூடாது.